கல்லூரி ஜாபிதாவும் தலைவிதியும்

(பிளஸ் டூ தேறிய பிள்ளைகளுக்கும் அவர்கள் பெற்றோருக்கும் என்று கூட்டப்பட்ட பொதுக்கூட்டத்தில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்று நான் கடவுள் உண்டா இல்லையா என்பதைப் பற்றிப் பேச வரவில்லை. அதைப் பற்றி நம் கூட்டங்களில் எவ்வளவோ பேசியாகிவிட்டது; இனியும் பேசத்தான் போகிறோம். இன்றைக்கு என்னைப் பேசச் சொல்லியிருப்பது, பிளஸ் டூ தேறிய பிள்ளைகள் கல்லூரிக்கு எப்படி மனுப் போடுவது, கேட்டது கிடைக்காவிட்டால் அதற்கு அடுத்தபடியாக எதைக் கேட்பது என்கிற விஷயமாகும். இதற்கும் சுயமரியாதைக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் உண்டா இல்லையா என்பதைப் பேச்சு முடிந்தபின் நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்ப வேண்டியதில்லை. சர்க்கார் வெளியிட்டுள்ள விவரப் புத்தகத்தை எடுத்து, நான் சொல்லுவதோடு ஒத்துப் பாருங்கள். வருஷத்துக்கு வருஷம் தேதிகளும் சில விதிகளும் மாறக்கூடியவை. ஆனபடியால் அந்தந்த வருஷத்துப் புத்தகமே பிரமாணமே ஒழிய என் வாய்ச்சொல் பிரமாணமல்ல.

நான் கல்லூரிப் படிக்கட்டு ஏறியவன் அல்ல. பத்தாவது தேறியவுடன் அச்சாபீசுக்கு வேலைக்குப் போனவன். பாலிடெக்னிக் என்று ஒன்று இருக்கிறது, அதில் மூன்று வருஷம் படித்து டிப்ளமா வாங்கலாம், அங்கிருந்து நேரே இஞ்சினீரிங் இரண்டாம் வருஷத்தில் சேரலாம் என்று சொல்ல அன்று எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. அதைச் சொல்ல ஆள் இல்லையே தவிர, ஜோசியர் ஒருவர் இருந்தார். அவர் என் ஜாதகத்தைப் பார்த்து, "பையனுக்கு வித்தியா ஸ்தானம் பலமில்லை, தொழிலில் விடுங்கள்" என்று என் தகப்பனாரிடம் சொன்னார். என் தகப்பனார் தட்சணையும் கொடுத்து, அந்த வார்த்தையையும் நம்பினார். ஆனால் பாருங்கள், அந்த ஜோசியருடைய சொந்தப் பிள்ளை அதே வருஷம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தான்! அவன் ஜாதகம் அவ்வளவு விசேஷமானதோ என்னவோ, அது எனக்குத் தெரியாது. அவன் தகப்பனார் அவனுக்குக் கிரகத்தைப் பார்த்துச் சேர்க்கவில்லை. மனுப் போடும் கடைசித் தேதியைப் பார்த்துச் சேர்த்தார் என்பது மாத்திரம் பின்னால் எனக்குத் தெரிந்தது.

இது பழைய கதை. சமீபத்தில் நடந்தது ஒன்று சொல்லுகிறேன். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துப் பையன்; தகப்பனார் நெசவு. பையன் கணக்கிலும் பௌதிகத்திலும் ரசாயனத்திலும் நல்ல மார்க் வாங்கினான். இஞ்சினீரிங் கவுன்சிலிங்குக்குப் பெயரும் பதிந்தான். கல்லூரிகளைத் தேர்ந்து எழுத வேண்டிய நாள் வந்ததும், தகப்பனார் யாரோ ஒருவரிடம் போய்க் கேட்க, "பையனுக்குக் கிழக்குத் திசைதான் ஆகும்" என்று அவர் சொல்லிவிட்டார். நானூற்றுக்கு மேற்பட்ட இஞ்சினீரிங் கல்லூரிகள் உள்ள இந்த நாட்டில், கிழக்கே இருக்கிற மூன்றே மூன்று கல்லூரிகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரே பாடத்தை எழுதினார்கள். ஆக, ஜாபிதாவில் மூன்று வரி. அந்த மூன்றும் பையனுக்கு முன்னால் நின்றவர்களுக்குப் போய்விட்டன. அந்தச் சுற்றில் பையனுக்கு ஒன்றும் இல்லை. அவனைவிடக் குறைந்த மார்க் வாங்கிய பிள்ளைகள் நாற்பது ஐம்பது வரி எழுதியிருந்தார்கள். அவர்களுக்கு இடம் கிடைத்தது. அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதற்குள் அவன் பார்வைக்குத் தக்க இடங்கள் எல்லாம் தீர்ந்திருந்தன. தகப்பனார் பயந்துபோய், தறியை அடகு வைத்து, ஒரு தனியார் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்த்தார். பிறகு என்னிடம் வந்து, "எல்லாம் அவன் தலையெழுத்து" என்றார்.

தோழர்களே! அந்தப் பையன் தலையில் யார் என்ன எழுதினார்கள்? ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டியது ஜாபிதாவில். அதில் எழுதாமல் விட்டவர் தகப்பனார். தான் எழுதாமல் விட்டதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைப்பதைவிட ஒரு மனிதனுக்கு வேறு ஏமாற்றம் வேண்டுமா?

இந்த ஜாபிதா எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இது தெரியாததனால்தான் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிசகுகிறார்கள். முன்காலத்தில் கவுன்சிலிங் என்றால் பிள்ளையும் தகப்பனும் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்து, திரையில் காலி இடங்களைப் பார்த்து நேரில் சொல்ல வேண்டும். 2018 முதல் அது இணையவழியாக மாறிவிட்டது. இப்பொழுது நீங்கள் அங்கே போக வேண்டியதில்லை. உங்கள் ஜாபிதாதான் உங்களுக்காகப் போகிறது.

ஒரு குடியானவன் சந்தைக்குத் தான் போக முடியாமல் ஆளை அனுப்புகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கிறான்: "செவலை மாடு இருந்தால் அதைப் பிடி, அது விற்றுப் போயிருந்தால் மயிலையைப் பிடி, அதுவும் இல்லையென்றால் கறுப்பு, அதுவும் இல்லாவிட்டால் கொம்பு முறிந்ததாவது பரவாயில்லை, உழுவதற்கு ஒன்று வேண்டும்." சந்தை வாசலில் எல்லார் ஆட்களும் மார்க் வரிசைப்படி நிற்கிறார்கள். முதல் ஆள் உள்ளே போய்த் தன் சீட்டை மேலிருந்து கீழே பார்க்கிறான்; இருப்பதில் முதலாவதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறான். அப்புறம் இரண்டாவது ஆள். அப்புறம் மூன்றாவது. உங்கள் முறை வரும்போது உங்கள் சீட்டில் செவலை ஒன்றுதான் எழுதியிருந்து, அது முன்னாலேயே போயிருந்தால், ஆள் வெறுங்கையோடு திரும்புவான். சந்தையில் நூறு மாடு நின்றாலும் திரும்புவான். அவன்மேல் குற்றமில்லை, சீட்டில் இல்லாததை அவன் பிடிக்க முடியாது. கம்ப்யூட்டர் செய்வது இதுதான். இதைவிடக் கூடுதலாக அதற்கு ஒன்றும் தெரியாது.

இதிலிருந்து இரண்டு சங்கதிகள் விளங்கும். ஒன்று, நீளமாக எழுதுவதால் நஷ்டம் கிடையாது. எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம் என்று விதியே இருக்கிறது. காகிதச் செலவுகூட இல்லை. "நிறைய எழுதினால் கீழே இருப்பதைக் கொடுத்துவிடுவார்கள்" என்று ஒரு வதந்தி ஊரெல்லாம் உலாவுகிறது. அது சுத்தத் தப்பு. மேலே உள்ளது எதுவும் உங்கள் முறை வரும்போது காலியாக இல்லாதபோதுதான் கீழே உள்ளது கிடைக்கும்.

இரண்டாவது, வரிசை என்பது உங்கள் ஆசைப்படி இருக்க வேண்டுமே ஒழிய, கிடைக்குமா கிடைக்காதா என்கிற பயத்தின்படி இருக்கக்கூடாது. "நமக்கு எங்கே செவலை கிடைக்கப் போகிறது" என்று மயிலையை முதலில் எழுதி, செவலையை இரண்டாவதாக எழுதினால், உங்கள் ஆள் உள்ளே போகும்போது செவலை அங்கேயே நின்றுகொண்டிருந்தாலும் அவன் மயிலையைத்தான் பிடித்து வருவான். பயந்தவன் பயந்ததற்குத் தண்டனையாக இருந்ததையும் விடுகிறான். நம் ஜனங்கள் இதில்தான் மிகவும் ஏமாறுகிறார்கள். பெரிய கல்லூரி என்றால் நமக்கு அல்ல என்று தாமாகவே ஒதுங்கிக்கொள்ளுகிறார்கள். தெருவில் நடக்காதே என்று சொன்ன காலம் போய், நடக்கலாம் என்று சட்டம் வந்த பிறகும், ஓரமாகவே நடந்து பழகிய கால் போல இருக்கிறது இது. மேலே எழுதுவதற்கு ஒருவர் உத்தரவும் வேண்டாம். எழுதுங்கள்.

ஆனால் மேலே மாத்திரம் எழுதி நிறுத்திவிடாதீர்கள். போன வருஷம் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம், எந்த வகுப்பாருக்கு, எவ்வளவு கட்-ஆப் மார்க்கில் முடிந்தது என்கிற கணக்கைத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தார் வெளியிடுவதுண்டு. கட்-ஆப் என்பது 200-க்கு. கணக்கு மார்க் 100 முழுதும், பௌதிகத்தில் பாதி 50, ரசாயனத்தில் பாதி 50. உங்கள் பிள்ளையின் எண்ணுக்கு மேலே முடிந்தவற்றில் சில, அதை ஒட்டி முடிந்தவற்றில் பல, கீழே முடிந்தவற்றில் தாராளமாகச் சில என்று எழுதிக்கொள்ளுங்கள். கீழே எழுதுபவைதான் மாற்று ஏற்பாடு. அது இல்லாதவன் ஏணியில் கடைசிப் படியை அறுத்துவிட்டு மேலே ஏறுகிறவன். அதே சமயத்தில், கொடுத்தாலும் போகமாட்டோம் என்கிற கல்லூரியை எழுதவே எழுதாதீர்கள். வந்த பிறகு முகம் சுளித்துப் பயனில்லை. கல்லூரிவாரியாகத் தேர்ச்சி விகிதத்தையும் அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுவதுண்டு. வாசலில் இருக்கிற வளைவையும் சினிமா நட்சத்திரம் வந்துபோன படத்தையும் பார்ப்பதைவிட அதைப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இடம் ஒதுக்கி முதலில் காட்டுவது தற்காலிகமானது. அதை நீங்கள் குறித்த நாளுக்குள் உறுதி செய்ய வேண்டும். பேசாமலிருந்தால் கை விட்டுப் போகும். இங்கேயும் மாடு கதையே போதும். மயிலை கிடைத்தது, அதுவே போதும் என்று ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். அல்லது மயிலைக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிவைத்து, செவலைக்காரன் யாராவது வேண்டாம் என்று விட்டால் எனக்குக் கொடுங்கள் என்று சொல்லிக் காத்திருக்கலாம். இதைத்தான் "ஏற்றுக்கொள்ளுகிறேன், மேலே உள்ளதும் வேண்டும்" என்கிறார்கள். மூன்றாவதாக, மயிலையை அவிழ்த்துவிட்டு, செவலை வந்தால் வரட்டும் என்று வெறுங்கையோடு நிற்கிற வழியும் ஒன்று உண்டு. அதற்கு அநேகமாகப் போகாதீர்கள். காத்திருக்கும் வழியை எடுத்தவர்களும் குறிப்பிட்ட நாட்களுக்குள் உதவி மையத்தில் பணம் கட்டினால்தான் மயிலை உங்களுடையது. மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளது தானாகப் போய்விடும். இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது.

நிற்க, நம்முடைய பழைய நண்பரான இராகுகாலத்துக்கு வருவோம். ஜாபிதாவை எழுதி முடித்துப் பூட்டுவதற்குச் சில நாட்கள்தான் அவகாசம் கொடுக்கிறார்கள். கடைசி நாள் செவ்வாய்க்கிழமை, மாலை 5 மணி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 9 முதல் 10.30 வரை எமகண்டம். மாலை 3 முதல் 4.30 வரை இராகுகாலம். நடுவிலே பையன் தயாராக இருந்தாலும், வீட்டிலே பெரியவர் "செவ்வாய், வெறுவாய், இராகுகாலம் கழியட்டும்" என்பார். 4.30-க்குக் கழிந்ததும் பிரௌசிங் சென்டருக்கு ஓடுவார்கள். அங்கே இவர்களைப் போலவே இராகுவுக்குக் காத்திருந்த இன்னும் இருபது பேர் நிற்பார்கள். நாடு முழுவதும் எல்லாருக்கும் ஒரே இராகு. ஆகவே எல்லாரும் ஒரே அரைமணி நேரத்தில் ஓடி வருகிறார்கள்! இணையம் மெதுவாகிவிடும். மெதுவானதும் "பார், இன்றைக்குக் கிரகம் சரியில்லை" என்பார் அதே பெரியவர். தாமே கதவை அடைத்துக்கொண்டு காற்று வரவில்லை என்று காற்றின்மேல் பழி போடுவது போல.

இராகுகாலம் என்பது என்ன? காலை 6 முதல் மாலை 6 வரை உள்ள 12 மணி நேரத்தை எட்டுப் பங்காக வெட்டினால் பங்குக்கு ஒன்றரை மணி. அதில் கிழமைக்கு ஒரு பங்கை இராகுவுக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். இராகு என்று ஆகாயத்தில் ஒரு கிரகமே கிடையாது. சந்திரன் செல்லும் பாதையும் சூரியன் செல்வதாகத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்கு வைத்த பெயர் அது. இரண்டு ரோடு கூடுகிற முச்சந்திக்கு ஒரு பெயர் வைத்து, அந்த முச்சந்தி கிழமைதோறும் வந்து நம் பிள்ளையின் படிப்பைக் கெடுக்கிறது என்றால் கேட்பவன் சிரிக்கமாட்டானா?

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். பெயர் பதிந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கம்ப்யூட்டர் 10 இலக்கத்தில் ரேண்டம் எண் என்று ஒன்று கொடுக்கிறது. அது வந்த அன்றைக்கே அதைத் தூக்கிக்கொண்டு எண்கணித ஜோசியரிடம் ஓடுகிறவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். கூட்டினால் 8 வருகிறது, ஆகாது. பரிகாரம் வேண்டும் என்பார் அவர். அந்த எண் எதற்கு வருகிறது தெரியுமா? இரண்டு பிள்ளைகள் கட்-ஆப் சமமாக எடுத்திருந்தால் கணக்கு மார்க்கைப் பார்க்கிறார்கள். அதுவும் சமமானால் பௌதிகம். இப்படி மற்ற மார்க்குகளையெல்லாம் பார்த்து, அவையும் சமமானால் பிறந்த தேதியைப் பார்த்து மூத்தவருக்கு முன்னிடம் கொடுக்கிறார்கள். எல்லாமே சமமாகப் போனால்தான் கடைசியில் இந்த எண். பெரிய எண்ணுக்கு முன்னுரிமை. கூட்டினால் என்ன வருகிறது என்பதற்கு அங்கே வேலையே இல்லை. பிறந்த தேதி ஒன்றுக்குத்தான் சற்று உபயோகம் இருக்கிறது. அதிலும் நட்சத்திரம் எது, இராசி எது என்று கேட்கவில்லை. ஜோசியத்துக்கு இதைவிட மரியாதை யார் கொடுக்க முடியும்?

தோழர்களே! இந்த இடங்கள் நமக்குச் சும்மா வந்தவை அல்ல. 1921-லேயே நீதிக்கட்சி ஆட்சியில் வகுப்புவாரி உத்தரவு பிறந்தது. 1928-ல் அது நடைமுறைக்கு வந்தது. கல்லூரிப் பிரவேசத்தில் 14 இடங்கள் இருந்தால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பார்ப்பனர்களுக்கு 2, ஆதிதிராவிடர்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிற்காலத்தில் பங்கு இருந்தது. 1950-ல் சென்னை ஹைகோர்ட்டு இது செல்லாது என்றது. 1951-ல் சண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிற்று. பெரியார் கிளர்ச்சி செய்தார், தமிழ்நாடு கொந்தளித்தது, அந்த வருஷமே அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. 1984-ல் தொழிற்கல்விக்கு நுழைவுத் தேர்வு என்று ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். பணம் கட்டிப் பயிற்சி பெற்ற பட்டணத்துப் பிள்ளை முந்திக்கொள்ளவும், கிராமத்துப் பிள்ளை பின்னுக்குப் போகவும் அது ஏதுவாயிற்று. 2006-ல் சட்டசபையில் சட்டம் செய்து அதை எடுத்த பிறகுதான் பிளஸ் டூ மார்க்கே பிரமாணம் என்றாயிற்று. 2021-ல் சர்க்கார் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு இஞ்சினீரிங், விவசாயம், சட்டம் முதலிய படிப்புகளில் 7.5 சதவிகிதம் தனியாக ஒதுக்கிச் சட்டம் வந்தது.

இத்தனை பேர் ஜெயிலுக்குப் போய், கோர்ட்டுக்குப் போய், சட்டத்தைத் திருத்தி வாங்கிய இடத்தை, ஒரு தகப்பனார் "கிழக்குத் திசை" என்று சொல்லி மூன்று வரி எழுதி விட்டுவிடுவாரானால், அதை என்னவென்று சொல்வது? வகுப்புரிமை வாசல் வரைக்கும்தான் கொண்டுவந்து விடும். உள்ளே போகிற கால் உங்களுடையது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். 69 சதவிகிதம் ஒதுக்கீடு போக மீதி 31 சதவிகிதம் பொதுப் போட்டி. அது மேல்சாதிக்காரர்களுக்கு என்று ஒதுக்கியது என்று நம்மவர்களே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது எல்லாருக்கும் உரியது. மார்க் இருந்தால் ஆதிதிராவிடப் பிள்ளையும் மிகவும் பிற்பட்ட வகுப்புப் பிள்ளையும் அதிலேயே இடம் பெறலாம். ஆகையால் "பொதுப் பிரிவில் நாம் எங்கே" என்று ஒதுங்காதீர்கள். ஜாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்தில் இப்பொழுதே மனுச் செய்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. சான்று இல்லாமல் அது கிடைக்காது. கடைசி நாளில் தாசில்தார் ஆபீசில் போய் அழுது பயனில்லை.

தாய்மார்களுக்கும், முக்கியமாகத் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. பல வீடுகளில் பையன் ஜாபிதா ஒரு மாதிரியும் பெண் ஜாபிதா ஒரு மாதிரியும் இருக்கிறது. பையனுக்குக் கோயமுத்தூர், சென்னை, திருச்சி எல்லாம் உண்டு. பெண்ணுக்கு, பொழுது சாய்வதற்குள் பஸ்ஸில் திரும்பி வரக்கூடிய கல்லூரி மாத்திரம். இரண்டு பேருக்கும் ஒரே மார்க்; சில வீட்டில் பெண்ணுக்கு அதிக மார்க். "காலம் கெட்டுக் கிடக்கிறது" என்கிறார்கள். காலம் கெட்டிருந்தால் அதைக் கெடுத்தவன் ஆண்பிள்ளை. அவனை அல்லவா வீட்டில் வைத்துப் பூட்ட வேண்டும்? 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்களுக்கு ஆண்களோடு சமமாகச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். சொத்திலே சமபங்கு கேட்ட இயக்கத்தார் வீட்டில், ஜாபிதாவில் சமமான வரி இல்லையென்றால் வெட்கப்பட வேண்டாமா? பிற்பட்டோர், ஆதிதிராவிடர் நல விடுதிகள் பெண்களுக்கென்றே இருக்கின்றன. அவற்றைப் போய்ப் பாருங்கள். சாப்பாடு எப்படி, கதவு எப்படி, காவல் எப்படி என்று கேளுங்கள். பார்த்து வேண்டாம் என்பது வேறு. பாராமலே வேண்டாம் என்பது வேறு. அவள் ஜாபிதாவை அவளே எழுதட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து சந்தேகம் கேளுங்கள், அது போதும்.

இஞ்சினீரிங்கைப் பற்றியே பேசினேன் என்று எண்ண வேண்டாம். அதிலேயே எல்லா முட்டையையும் அடை வைப்பது சரியல்ல. சர்க்கார் கலை, விஞ்ஞானக் கல்லூரிகளுக்குத் தனியாக இணையவழி மனு இருக்கிறது. அங்கே பெரும்பாலான பாடங்களுக்குத் தமிழ், ஆங்கிலம் நீங்கலாக மற்ற நான்கு பாடத்தின் 400 மார்க்கைக்கொண்டு வரிசை போடுகிறார்கள், பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். மனுக் கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. கணக்கில் குறைந்து தமிழில் மேலே போன பிள்ளை, அழுதுகொண்டு வீட்டில் உட்காராமல் அங்கே முதல் வரிசையில் நிற்கலாம். பிளஸ் டூவில் விஞ்ஞானமோ தொழிற்பாடமோ படித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் வருஷத்தில் சேர வழி இருக்கிறது. அங்கிருந்து இஞ்சினீரிங் இரண்டாம் வருஷத்துக்குப் போகலாம். சுற்று வழிதான், ஆனால் போய்ச் சேருகிற வழி. இவற்றுக்கெல்லாம் தேதிகள் தனித்தனி. ஒன்றின் முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் மற்றதன் தேதி போய்விடும். எல்லாவற்றுக்கும் மனுப் போட்டு வையுங்கள்.

டாக்டர் படிப்புக்கு 2017 முதல் நீட் பரீட்சை நம் தலையில் வந்து விழுந்துவிட்டது. அதை எதிர்ப்பது நம் கடமை, எதிர்த்துக்கொண்டே இருப்போம். அது வேறு. ஆனால் எதிர்க்கிற வீட்டிலேயே "டாக்டர் ஆகாவிட்டால் நீ எனக்குப் பிள்ளையே இல்லை" என்று சொல்லுகிற தகப்பன்மார் இருக்கிறார்கள். பிள்ளை முன்னால் ஒரே ஒரு கதவை வைத்து, அது மூடிக்கொண்டால் உலகமே மூடிக்கொண்டது என்று பதினேழு வயதுக் குழந்தையை எண்ண வைப்பது கொலைக்குச் சமானம் என்று நான் பகிரங்கமாகச் சொல்லுகிறேன். எத்தனை குழந்தைகளை இழந்துவிட்டோம்! மாற்று ஏற்பாடு செய்வது தோல்வியை வரவேற்பது ஆகும், அபசகுனம் ஆகும் என்று சிலர் சொல்லுகிறார்கள். வீட்டுக்குப் பின்வாசல் வைப்பவன் முன்வாசல் இடிந்துபோகட்டும் என்று நினைத்தா வைக்கிறான்?

கடைசியாக, ஏமாற்றுக்காரர்களைப் பற்றி. கவுன்சிலிங் ஆரம்பிப்பதற்கு முன்பே சில கல்லூரிகளின் ஏஜெண்டுகள் வீடு தேடி வருகிறார்கள். மே மாதத்திலேயே ஒரு தொகையும் அசல் சர்ட்டிபிகேட்டுகளும் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அப்புறம் கவுன்சிலிங்கில் நல்ல இடம் கிடைத்தாலும் போக முடியாது. சர்ட்டிபிகேட் கேட்டால் மூன்று வருஷப் பணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்பார்கள். என்னோடு வேலை செய்த ஒருவர் தம் பெண்ணின் சர்ட்டிபிகேட்டை வாங்க இருபது நாள் ஒரு கல்லூரி ஆபீஸ் வாசலில் நின்றார். இது சட்டப்படி தப்பு. 2018-ல் யு.ஜி.சி.யார் அறிவிப்புச் செய்திருக்கிறார்கள்: அசல் சர்ட்டிபிகேட்டுகளைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டும், வைத்துக்கொள்ளக் கூடாது. பிரவேசத்துக்கு என்று அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரையில் பிடித்துக்கொண்டு கட்டணம் முழுவதையும் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகு விலகினால் 90, 80, 50 என்று சதவிகிதம் படிப்படியாகக் குறையும். கடைசித் தேதி கழிந்து 30 நாளும் ஆகிவிட்டால் ஒன்றுமில்லை. ஆகவே எங்காவது முன்னதாகச் சேர்த்துத்தான் ஆக வேண்டும் என்றால் இரசீது வாங்குங்கள், அசலைக் காட்டுங்கள், கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள். மறுத்தால் எழுத்துமூலம் கேளுங்கள். எழுத்தைக் கண்டால் பயப்படுகிறவர்கள் அவர்கள், நாமல்ல.

அதேபோல், ஜாபிதாவை அந்நியர் கையில் கொடுக்காதீர்கள். சில இடங்களில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கே கல்லூரிகளிலிருந்து தரகு வருகிறது. உங்கள் இரகசியச் சொல்லும் உங்கள் போனுக்கு வருகிற எண்ணும் அவரிடம் இருந்தால், நீங்கள் எழுதியது எது, அவர் எழுதியது எது என்று பின்னால் யார் கண்டது? முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதுங்கள். கல்லூரியின் எண்ணையும் பாடத்தின் குறியையும் சேர்த்து எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயருள்ள கல்லூரிகள் பல. பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி, காகிதத்தோடு வரிவரியாக ஒத்துப் பார்த்து, பிறகு பூட்டுங்கள்.

பேச்சு நீண்டுவிட்டது. தலைவர் மணியைப் பார்க்கிறார். மேடைக்கு வலது பக்கத்தில் இரண்டு மேஜை போட்டு நம் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் மூன்று பேர் இப்பொழுது கல்லூரியில் படிக்கிறவர்கள். ஒருவர் பள்ளி உபாத்தியாயினி. போன வருஷத்துக் கட்-ஆப் கணக்கை அச்சடித்து வைத்திருக்கிறார்கள். பிள்ளையின் மார்க் தாளை எடுத்துக்கொண்டு போய், பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். இரவு 10 மணி வரை இருப்பார்கள்.